முதுகெலும்பு நசுங்கினால்: எலும்புப்புரை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயதான பெண்களின் முதுகுவலிக்கு நம் வீடுகளில் ஆயத்தமாக மூன்று காரணங்கள் உண்டு: வாயு, சுளுக்கு, வயது. நான்காவது காரணம் ஒன்று இருக்கிறது. பக்கவாட்டில் ஓர் எக்ஸ்ரே எடுத்தால்தான் அது தெரியும். எலும்புப்புரையால் முதுகின் முள்ளெலும்பு ஒன்று உள்ளுக்குள் நசுங்கியிருக்கும். அதைப் பற்றி நோயாளிகளும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய பிள்ளைகளும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே விடை சொல்ல முயன்றிருக்கிறேன். மருந்தும் அளவும் ஆளுக்கு ஆள் மாறும். அவற்றை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர்.

எலும்புப்புரை என்றால் என்ன?

எலும்பு உயிருள்ள திசு. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுவதும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. சுமார் 30 வயது வரை கட்டும் வேலை முந்தி நிற்கிறது. நடுவயதில் கரைக்கும் வேலை மெல்ல முந்தத் தொடங்குகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, கரைதல் திடீரென வேகமெடுக்கிறது. அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் எலும்பு அடர்த்தியில் 20 சதவீதம் வரை போய்விடலாம். இந்தத் தொடர்பை 1940-களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டியவர் அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட்.

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது. மேலை நாடுகளில் இது ஏறத்தாழ 51. இழப்பு நமக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே தொடங்குகிறது என்று பொருள். இத்தனையும் நடக்கும்போது வலியே இருக்காது. எலும்பு முறிந்த பிறகுதான் பலருக்கும் தங்களுக்கு இந்த நோய் இருப்பது தெரியவருகிறது.

அம்மா கீழே விழவே இல்லை. பிறகு எப்படி எலும்பு முறியும்?

முள்ளெலும்பின் உடல்பகுதி வெளியே மெல்லிய ஓடும் உள்ளே பஞ்சு போன்ற எலும்புப் பின்னலும் கொண்டது. எலும்புப்புரை முதலில் அரிப்பது அந்தப் பின்னலைத்தான். மழையில் ஊறிய அட்டைப்பெட்டியின் மேல் பாரம் வைத்தால் எப்படி அமுங்குமோ, அப்படி அமுங்கிவிடுகிறது. இரண்டு துண்டாக உடைவதில்லை. உயரம் குறைந்து போகிறது. பெரும்பாலும் முன்பக்கம்தான் அதிகம் அமுங்கும். அதனால்தான் கூன் விழுகிறது.

குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது, அரிசிப் பையை இழுப்பது, பலமாகத் தும்முவது இவற்றில் ஒன்றே போதும். நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. எலும்பு மருத்துவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்: பஸ்ஸின் கடைசி வரிசை இருக்கை. வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கும்போது உட்கார்ந்த நிலையில் தூக்கிப் போடப்பட்டு, இருக்கையில் வந்து விழுந்த கணத்தில் வலி தொடங்கியதாகச் சொல்லும் பாட்டிகள் ஏராளம்.

அதிகம் நசுங்குவது பன்னிரண்டாம் மார்பு முள்ளெலும்பும் முதலாம் இடுப்பு முள்ளெலும்பும். விலாக்கூட்டோடு பிணைந்து அசையாமல் இருக்கும் மேல்முதுகும், வளைந்து கொடுக்கும் கீழ்முதுகும் சந்திக்கும் இடம் அது. சுமை முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. அதற்கு அடுத்தபடியாக நடுமுதுகில் ஏழாவது, எட்டாவது எலும்புகள்.

சாதாரண முதுகுவலி என்றும் இது என்றும் எப்படிப் பிரித்தறிவது?

நசுங்கல் வலி பெரும்பாலும் திடீரென வரும். "இந்த நேரத்தில், இதைச் செய்தபோது" என்று சுட்டிச் சொல்ல முடியும். நின்றால், நடந்தால் கூடும். படுத்தால் குறையும். ஆனால் படுக்கையில் புரளும்போதும் எழுந்து உட்காரும்போதும் உயிர் போகும். முதுகின் நடுக்கோட்டில் ஓரிடத்தில் மெல்லத் தட்டினாலே சுருக்கென்று வலிக்கும். சிலருக்கு வலி விலா வழியாகச் சுற்றிக்கொண்டு வயிற்றுக்கோ மார்புக்கோ வரும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கு வாயு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

இவை எல்லாம் வலி இருக்கிறவர்களுக்கு. முள்ளெலும்பு நசுங்கல்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எவர் கண்ணிலும் படாமலேயே போகின்றன. அவற்றைக் காட்டிக்கொடுப்பது உயரம். இளமையில் இருந்ததைவிட 4 செ.மீ. குறைந்திருந்தாலோ, ஓரிரு ஆண்டுகளுக்குள் 2 செ.மீ. குறைந்திருந்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இளவயது உயரம் நம்மில் பலருக்குத் தெரியாது. அப்படியென்றால் வேறு வழிகளில் பாருங்கள். முன்பு எட்டிய பரண் இப்போது எட்டவில்லையா? சுவரில் குதிகாலும் முதுகும் படும்படி நிற்கச் சொன்னால் பின்னந்தலை சுவரைத் தொடவில்லையா? கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இரண்டு விரல்கூட நுழையவில்லையா? இவற்றுக்குச் செலவே இல்லை.

எக்ஸ்ரே எடுத்தோம். ஒன்றும் இல்லை என்றார்கள். வலி மட்டும் போகவில்லையே?

முதல் சில நாட்களில் எலும்பின் உயரம் இன்னும் குறையாமல் இருக்கலாம். எக்ஸ்ரே சரியாகவே தெரியும். ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தால் நசுங்கியிருப்பது புலப்படும். காத்திருக்க முடியாத வலி என்றால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். எலும்புக்குள் நீர்க்கோத்திருப்பதை அது முதல் நாளிலேயே காட்டிவிடும். முறிவு புதியதா, பல ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததா என்பதையும் பிரித்துச் சொல்லும்.

எக்ஸ்ரே பக்கவாட்டில் எடுக்கப்பட்டதா என்று பாருங்கள். நேர்ப்படத்தில் நசுங்கல் எளிதில் தப்பிவிடும். சளிக்காகவோ அறுவை சிகிச்சைக்கு முன்போ எடுத்த பழைய மார்பு எக்ஸ்ரேயை எறிந்துவிடாதீர்கள். நுரையீரலைப் பார்க்க எடுத்த படத்தில் முள்ளெலும்பு நசுங்கி நிற்பதும், அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததும் உலகெங்கும் நடக்கிற சங்கதிதான்.

அறிக்கையில் "லேசான", "நடுத்தர", "கடும்" என்று எழுதியிருப்பார்கள். எலும்பின் உயரம் 20 முதல் 25 சதவீதம் வரை குறைந்திருந்தால் லேசானது, 40 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. கதிரியக்க மருத்துவர் ஹாரி ஜெனன்ட் 1993-இல் வகுத்த அளவுகோல் இது. லேசானது என்று படித்ததும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 1.9. எலும்புப்புரை இல்லை என்றுதானே பொருள்?

டெக்ஸா என்பது இடுப்பிலும் கீழ்முதுகிலும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் சோதனை. கதிர்வீச்சு மிகக் குறைவு. அந்த அளவை ஆரோக்கியமான இளவயதுப் பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டுத் தரும் எண்தான் டி-ஸ்கோர். உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்தபடி, மைனஸ் 1 வரை இயல்பு. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடைப்பட்டால் எலும்பு அடர்த்திக் குறைவு, மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை.

இந்தப் பக்கத்தில் ஒரு விடையை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். பெரிய அடி எதுவும் படாமல் முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறது, வேறு நோயும் காரணமில்லை என்றால், டி-ஸ்கோர் என்னவாக இருந்தாலும் அது எலும்புப்புரைதான். மைனஸ் 1.9 என்ற எண்ணைக் காட்டி "இன்னும் வரவில்லை" என்று சொல்வது, வீடு இடிந்த பிறகு சுவரின் கனத்தை அளந்து பார்த்துத் தேறுதல் அடைவதுதான்.

முதுகில் எடுத்த டி-ஸ்கோர் சில சமயம் பொய்யாக உயர்ந்தும் தெரியும். வயதானவர்களின் முதுகில் வளர்ந்திருக்கும் எலும்பு முட்கள், சுண்ணாம்பு படிந்த மகாதமனி, ஏன், நசுங்கி அடர்ந்துபோன அந்த முள்ளெலும்பே கூட எண்ணை உயர்த்திக் காட்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்களுக்குத் தனியாக ஒரு சொல்: நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் பல ஆண்டுகள் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு எலும்பு அடர்ந்து காணும், ஆனால் உறுதி இருக்காது. இந்தக் கேடு இந்தியாவில் முதலில் பதிவானதே 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்பு எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முகாமில் குதிகாலை வைத்து ஒரு கருவியில் பார்த்தார்கள். அது போதாதா?

போதாது. குதிகால் அல்ட்ராசவுண்டைக் கொண்டு நோயை உறுதிசெய்யவும் கூடாது, மருந்து தொடங்கவும் கூடாது. அது சந்தேகத்தைக் கிளப்ப மட்டுமே உதவும்.

மூட்டுத் தேய்மானமும் இதுவும் ஒன்றா?

இல்லை. மூட்டுத் தேய்மானத்தில் கெடுவது மூட்டில் உள்ள குருத்தெலும்பு. நடந்தால் முழங்கால் வலிக்கும். எலும்புப்புரையில் கெடுவது எலும்பின் உள்கட்டு. முறியும் வரை வலிக்காது. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். முழங்கால் வலிக்குக் கொடுக்கும் மாத்திரை முதுகெலும்பைக் காக்காது.

முள்ளெலும்பு நசுங்கினாலே எலும்புப்புரை என்று முடிவு கட்டிவிடலாமா?

கூடாது. நம் நாட்டில் முதலில் விலக்க வேண்டியது முதுகெலும்புக் காசநோய். மாலைக் காய்ச்சல், இரவில் வியர்த்தல், எடை குறைதல், ஓய்விலும் அடங்காத வலி இருந்தால் அதைத் தேடியாக வேண்டும். காசநோய் பொதுவாக அடுத்தடுத்த இரண்டு எலும்புகளையும் நடுவிலுள்ள வட்டையும் (டிஸ்க்) சேர்த்து அரிக்கும். எலும்புப்புரை வட்டைத் தொடுவதில்லை. அடுத்தது புற்றுநோய். எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா, மார்பகத்திலிருந்தோ புராஸ்டேட்டிலிருந்தோ பரவிய கட்டி இவையும் முள்ளெலும்பை நசுக்கும். மேல்முதுகில் நான்காம் எலும்புக்கு மேலே தனியாக ஒன்று நசுங்கியிருந்தால் சந்தேகம் கூட வேண்டும்.

அதனால்தான் இரத்தச் சோதனைகள் இத்தனை எழுதித் தருகிறார்கள்: இரத்த அணுக்கள், ஈ.எஸ்.ஆர்., கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பட்டேஸ், கிரியாட்டினின், வைட்டமின் டி, தைராய்டு, தேவைப்பட்டால் பாராதைராய்டு ஹார்மோனும் புரத எலெக்ட்ரோஃபோரெசிஸும். இது பணம் பறிக்கும் வேலை என்று நினைத்துப் பாதியில் விட்டுவிடாதீர்கள். இந்த நோயைப் பொறுத்தவரை பட்டியல் நியாயமானது.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள் எவை?

கால்கள் பலமிழப்பது, தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தன்னறியாமல் போவது. தண்டுவடமோ நரம்புகளோ அழுந்துகின்றன என்று பொருள். காலை வரை காத்திருக்காதீர்கள்.

எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்?

முடிந்தவரை குறைவாக. வலி உச்சத்தில் இருக்கும் சில நாட்கள் போதும். "மூன்று மாதம் அசையக் கூடாது" என்று படுக்க வைப்பது அன்பினால் செய்யும் தீங்கு. அசையாத எலும்பு இன்னும் வேகமாகக் கரையும், தசை இளைக்கும், காலில் இரத்தம் உறையும், சளி கட்டும், மலம் இறுகும். படுக்கையிலிருந்து எழும்போது நேராக நிமிர்ந்து எழக்கூடாது. முழங்காலை மடக்கி, உடம்பு முழுவதையும் ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் திருப்பி, கால்களைக் கீழே தொங்கவிட்டபடி கையை ஊன்றி எழ வேண்டும். முதல் நாளே ஒரு பிசியோதெரபிஸ்டிடம் இதைக் கற்றுக்கொண்டால் பாதித் துன்பம் குறையும்.

வலிக்குப் பாரசிட்டமாலில் தொடங்குவார்கள். அதற்கு மேலான வலிநிவாரணிகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். முதியவர்களின் சிறுநீரகமும் இரைப்பையும் தாங்காது. டிரமடால் போன்றவை மயக்கத்தையும் மலச்சிக்கலையும் தரும். மலச்சிக்கல் சின்ன விஷயம் அல்ல. முக்கும்போது முதுகுக்குள் அழுத்தம் ஏறும். முதல் சில வாரங்களுக்குக் கால்சிடோனின் மூக்குத் தெளிப்பான் சிலருக்கு வலியைக் குறைக்கிறது. டெய்லர் பிரேஸ் போன்ற பட்டையை நடக்கும்போது மட்டும், சில வாரங்களுக்கு அணியலாம். மாதக்கணக்கில் அதையே நம்பியிருந்தால் முதுகுத் தசை சோம்பிவிடும். பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் வலி அடங்கிவிடும்.

எண்ணெய் தேய்த்து உருவிவிடலாமா? சுளுக்கு எடுக்கலாமா?

வெந்நீர் ஒத்தடமோ, மேலோட்டமாக எண்ணெய் தடவுவதோ தவறில்லை. முதுகை மிதிப்பது, சொடுக்கெடுப்பது, தூக்கி உலுக்குவது, வளைத்துப் பிடிப்பது எல்லாம் கூடாது. நசுங்கிய எலும்பின் மேல் பேரனை ஏறி மிதிக்கச் சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தப் பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வதும் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம்.

எலும்புக்குள் சிமென்ட் ஏற்றுகிறார்களாமே?

வெர்ட்டிப்ரோபிளாஸ்டி என்பது அதுதான். ஊசி வழியாக அக்ரிலிக் சிமென்டை நசுங்கிய எலும்புக்குள் செலுத்தி இறுகவிடுவார்கள். 1984-இல் பிரான்ஸில் முதன்முதலாகச் செய்யப்பட்டது. அதே எலும்பை முதலில் சிறு பலூனால் உப்ப வைத்துவிட்டு நிரப்பினால் கைஃபோபிளாஸ்டி.

சில மணி நேரத்தில் எழுந்து நடந்துவிட்டார் என்ற கதைகள் உண்மையாகவே நடந்தவை. ஆனால் 2009-இல் வெளியான இரண்டு ஆய்வுகளில் ஒரு பிரிவினருக்கு உண்மையான சிமென்டும், இன்னொரு பிரிவினருக்கு ஊசி குத்துவது போன்ற பாவனையும் மட்டும் தரப்பட்டன. வலி இரண்டு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் குறைந்தது. 2016-இல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, முறிந்து ஆறு வாரத்துக்குள், கடும் வலி உள்ளவர்களுக்குச் செய்தால் பலன் உண்டு என்றது. 2018-இல் நெதர்லாந்து ஆய்வு மறுபடியும் பாவனைக்கு மேல் பெரிய பலன் இல்லை என்றது. சிமென்ட் கசிந்து நரம்பை அழுத்துவதும், இரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போவதும் அரிதாக நேர்கின்றன.

என் கருத்து: எல்லோருக்கும் வேண்டியதில்லை. சில வாரங்கள் மருந்தும் பட்டையும் கொடுத்தும் எழுந்து உட்காரவே முடியாதவர், எம்.ஆர்.ஐ.யில் முறிவு புதிது என்று தெரிபவர், இவர்களுக்குப் பேசிப் பார்க்கலாம். சிமென்ட் ஒரே ஓர் எலும்பைத்தான் நிரப்புகிறது. மேலும் கீழும் உள்ளவை அப்படியேதான் இருக்கின்றன.

வலி போய்விட்டது. இனி மருந்து எதற்கு?

ஒரு முள்ளெலும்பு நசுங்கிய பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இன்னொன்று நசுங்குகிறது. இடுப்பெலும்பு முறியும் ஆபத்தும் கூடுகிறது. அது முறிந்தால் படுக்கையோடு போகிறவர்கள் பலர். இரண்டு, மூன்று எலும்புகள் நசுங்கிக் கூன் விழுந்தால் நுரையீரல் விரிய இடம் குறையும், வயிறு அழுந்திப் பசி போகும், பார்வை தரையை நோக்கியே இருக்கும். வலிக்குக் கொடுத்த மருந்து வலிக்கானது. எலும்புக்கான மருந்து தொடங்க வேண்டிய நேரம், வலி அடங்கி எல்லோரும் மறந்துபோகும் அந்த நேரம்தான். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் கால்சியம் மாத்திரை மட்டும் இருந்தால், "எலும்புப்புரைக்கான மருந்து எங்கே?" என்று தயங்காமல் கேளுங்கள்.

என்னென்ன மருந்துகள் இருக்கின்றன?

பெரும்பாலும் அலெண்ட்ரோனேட்டில் தொடங்குவார்கள். வாரம் ஒரு 70 மி.கி. மாத்திரை, விலையும் அதிகமில்லை. ஏற்கெனவே முள்ளெலும்பு நசுங்கிய பெண்களிடம் 1996-இல் வெளியான ஆய்வில் புதிய நசுங்கல்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. சாப்பிடும் முறைதான் கண்டிப்பானது. காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்தோ நின்றோ இருக்க வேண்டும். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். அந்த அரை மணிக்குள் காபி கூடாது. பாலோ காபியோ சேர்ந்தால் மருந்து உடம்பில் ஏறாது. நம் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த மருந்து தோற்பது பெரும்பாலும் இந்த ஒரு காபியில்தான். தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றில் போடுகிறவர்கள் இரண்டையும் எந்த நேரத்தில் எடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, அல்லது மறந்துபோகிறவர்களுக்கு, ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் 5 மி.கி. ஜோலெட்ரோனிக் அமிலம். 2007-இல் வெளியான பெரிய ஆய்வில் மூன்று ஆண்டுகளில் முள்ளெலும்பு நசுங்கல் 70 சதவீதமும் இடுப்பு முறிவு 41 சதவீதமும் குறைந்தன. முதல்முறை ஏற்றிய மறுநாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். சிறுநீரகச் செயல்பாட்டையும் வைட்டமின் டி-யையும் பார்க்காமல் ஏற்றக்கூடாது.

பல எலும்புகள் நசுங்கியவர்களுக்கு டெரிபாராடைடு. இது கரைதலைத் தடுப்பதற்குப் பதிலாகப் புதிய எலும்பைக் கட்டுகிறது. இன்சுலின் போல நாள்தோறும் தோலடியில் ஊசி, பொதுவாக இரண்டு ஆண்டுகள் வரை. முடிந்ததும் வேறொரு மருந்தைத் தொடராவிட்டால் சேர்த்தது கரைந்துவிடும். புதிதாக வந்த ரோமோசோசுமாப் மாதம் ஒருமுறை, ஓராண்டுக்கு; அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு ஆகாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைத் தள்ளிப் போடலாமா?

கூடாது. நல்ல மருந்துதான், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் தரலாம். ஆனால் நிறுத்தினால் அடக்கி வைத்திருந்த கரைதல் ஒரேயடியாகக் கிளம்பும். சிலருக்கு அடுத்தடுத்துப் பல முள்ளெலும்புகள் நசுங்கியிருக்கின்றன. ஏழாவது மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். நிறுத்துவதானால் மாற்று மருந்தை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் ஆறு மாதம், ஊரில் ஆறு மாதம் என்று இருக்கும் பெற்றோர்களுக்கு இந்த ஊசிதான் அடிக்கடி தவறுகிறது.

இந்த மருந்துகளால் தாடை எலும்பு அழுகிவிடும் என்று கேள்விப்பட்டோம்.

எலும்புப்புரைக்குத் தரும் அளவில் அது மிக அரிது. புற்றுநோய்க்காக அதிக அளவில், அடிக்கடி ஏற்றுகிறவர்களிடமே கூடுதலாகக் காணப்படுகிறது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் மருந்து தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பல ஆண்டுகள் தொடர்ந்து எடுப்பவர்களில் வெகுசிலருக்குத் தொடை எலும்பில் ஒரு வகை முறிவு வரலாம். அதற்கு முன்னால் வாரக்கணக்கில் தொடையிலோ கவட்டியிலோ மந்தமான வலி இருக்கும். அப்படி வலித்தால் சொல்லுங்கள். ஆபத்து குறைவானவர்களுக்கு அலெண்ட்ரோனேட் மாத்திரை என்றால் ஐந்து ஆண்டு, ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் ஜோலெட்ரோனிக் அமிலம் என்றால் மூன்று ஆண்டு கழித்து இடைவேளை விடுவதைப் பற்றி மருத்துவர் யோசிப்பார். முள்ளெலும்பு நசுங்கியவர்களுக்குப் பொதுவாக அதைவிட நீளும்.

கால்சியத்துக்கு என்ன சாப்பிடலாம்?

நாள் ஒன்றுக்கு 1000 முதல் 1200 மி.கி. வேண்டும். ஒரு டம்ளர் பால், அதாவது 200 மி.லி., சுமார் 240 மி.கி. தரும், தயிரும் மோரும் அந்தக் கணக்கில் சேரும். மோர் என்றால் நீர்மோர் அல்ல. 100 கிராம் கேழ்வரகு மாவில் 340 மி.கி.க்கு மேல் இருக்கிறது. முளைகட்டியோ புளிக்க வைத்தோ சமைத்தால் உடம்பில் சேருவது கூடும். ஒரு மேசைக்கரண்டி எள்ளில் 100 மி.கி. அளவு. முருங்கைக்கீரை நல்லது, பசலை வகைகளில் ஆக்சலேட் மிகுதியாக இருப்பதால் கணக்கில் இருப்பது உடம்புக்கு வருவதில்லை. முள்ளோடு தின்னும் நெத்திலி அசைவக்காரர்களுக்குக் கிடைத்த வரம்.

புரதத்தை மறந்துவிடுகிறார்கள். இரவு இரண்டு இட்லியும் சட்னியும், காலையில் கஞ்சி என்று வாழும் பாட்டிக்குக் கால்சியம் மாத்திரை மட்டும் கொடுத்துப் பயனில்லை. பருப்பு, சுண்டல், முட்டை, மீன், பால் என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று வேண்டும்.

கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் சிறுநீரகக் கல் வருமா?

உணவில் வரும் கால்சியத்தால் கல் கூடுவதில்லை. மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கினால் சிறிது கூடலாம். உணவில் குறைகிற அளவுக்கு மட்டும், சாப்பாட்டோடு சேர்த்து எடுங்கள். அலெண்ட்ரோனேட் போடும் நாளில் காலையில் வேண்டாம், மதியத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

இத்தனை வெயில் அடிக்கும் ஊரில் வைட்டமின் டி எப்படிக் குறையும்?

வெயில் இருக்கிறது, நாம் அதில் இருப்பதில்லை. கருத்த தோலுக்கு நேரமும் கூட வேண்டும். காலை ஆறு மணி இளவெயில் உடம்புக்கு இதமானதுதான், ஆனால் வைட்டமின் டி-யை உண்டாக்கும் கதிர்கள் அதில் போதிய அளவு இல்லை. சுமார் 11 மணியிலிருந்து 3 மணிக்குள் அடிக்கும் வெயிலில்தான் அவை இருக்கின்றன. அந்த நேரத்தில் யாரும் வெளியே நிற்க விரும்புவதில்லை, முதியவர்களை நிற்கச் சொல்வதும் சரியல்ல. குறைவு இருந்தால் வாரம் ஒரு 60,000 யூனிட் என்று சுமார் எட்டு வாரம் தருவார்கள். சிக்கல் அதன் பிறகுதான். அதே சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கால்சியம் ஏறி வாந்தியும் குழப்பமும் சிறுநீரகக் கோளாறுமாகப் படுக்கையில் விழுகிறார்கள். ஒரே தடவையில் லட்சக்கணக்கான யூனிட்டுகளை ஏற்றுவதும் வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் (2010) விழுதலும் முறிவும் கூடவே செய்தன.

ஆண்களுக்கும் வருமா?

வரும், கொஞ்சம் தாமதமாக. குடி, புகை, ஆண்மை ஹார்மோன் குறைவு, புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சை ஆகியவை முக்கியக் காரணங்கள். இரு பாலருக்கும் பொதுவான பெரிய காரணம் ஸ்டீராய்டு. ஆஸ்துமாவுக்கோ முடக்குவாதத்துக்கோ பிரெட்னிசோலோன் மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் எடுப்பவர் எவரும் எலும்பைப் பற்றிக் கேட்டாக வேண்டும். தானாக நிறுத்திவிடக் கூடாது. அது உயிருக்கே ஆபத்து. பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் "மூட்டுவலிப் பொடி" இரண்டே நாளில் மாயம் செய்தால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். முகம் உப்பி, தோல் காகிதம் போலாகியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

38 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எனக்கும் ஆபத்தா?

கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்தார்களா என்பதுதான் கேள்வி. எடுத்திருந்தால் உங்கள் எலும்பைப் பொறுத்தவரை 38-லேயே மாதவிடாய் நின்றதாகக் கணக்கு. அறுவை சிகிச்சைக் குறிப்பைத் தேடி எடுத்துப் பாருங்கள். ஹார்மோன் சிகிச்சை பொருந்துமா, டெக்ஸா எப்போது எடுப்பது என்று கேளுங்கள்.

யோகா செய்யலாமா?

முன்னால் குனியும் ஆசனங்கள் வேண்டாம்: பச்சிமோத்தாசனம், பாதஹஸ்தாசனம், ஹலாசனம், இவற்றோடு வயிற்றுக்காகச் செய்யும் எழுந்து உட்காரும் பயிற்சியும். 1984-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையிலிருந்து வந்த ஒரு சிறு ஆய்வு இதில் கண்ணைத் திறந்தது. எலும்புப்புரை உள்ள பெண்களில் முன்குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிய நசுங்கல். முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் மட்டுமே. ஒன்றுமே செய்யாதவர்களில் 67 சதவீதம். ஆகவே சும்மா இருப்பதும் காப்பதில்லை.

நடை நல்லது. அதோடு முதுகை நிமிர்த்தும் தசைகளுக்கும் தொடைகளுக்கும் பயிற்சி, நாற்காலியைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சி வேண்டும். புஜங்காசனத்தைக்கூட வலி முழுவதும் அடங்கிய பிறகு, பிசியோதெரபிஸ்ட் பார்க்க, தொடங்குவது நல்லது.

வீட்டில் என்ன மாற்ற வேண்டும்?

நம் வீட்டு வேலைகளில் பெரும்பாதி குனிவதுதான். நீளக் கைப்பிடியுள்ள துடைப்பம் வாங்குங்கள். அரிவாள்மணையிலிருந்து மேசைக்கு மாறுங்கள். கோலத்தைக் கொஞ்ச நாள் மருமகளோ மகனோ போடட்டும். தண்ணீரைக் குடத்தில் தூக்காமல் சிறு பாத்திரங்களில் கொண்டுபோகலாம். குந்தும் கழிப்பறை என்றால் மேலே வைக்கும் நாற்காலி வந்திருக்கிறது. குளியலறையில் பிடிமானக் கம்பியும் வழுக்காத விரிப்பும், இரவில் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை ஒரு சிறு விளக்கும் அவசியம். பஸ்ஸில் முன்பக்க இருக்கை. ஆட்டோக்காரரிடம் வேகத்தடையில் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். தூக்க மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் தலைசுற்ற வைக்கின்றனவா, கண்புரை முற்றிவிட்டதா என்பதையும் பாருங்கள்.

கூன் நிமிருமா? போன உயரம் வருமா?

நசுங்கிய எலும்பு நசுங்கிய வடிவத்திலேயே ஆறும். உயரம் திரும்பாது. தசை வலுத்தால் தோற்றம் ஓரளவு நிமிரும்.

அடுத்த டெக்ஸா எப்போது?

மருந்து தொடங்கி ஒன்று முதல் இரண்டு ஆண்டுகளில், முடிந்தால் அதே மையத்தில், அதே கருவியில். வெவ்வேறு கருவிகளின் எண்களை ஒப்பிட முடியாது. எண் உயராமல் அப்படியே நின்றிருந்தாலும் மருந்து வேலை செய்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். இடைப்பட்ட காலத்தில் புதிதாக முதுகுவலி வந்தாலோ உயரம் குறைந்தாலோ டெக்ஸாவுக்காகக் காத்திருக்காமல் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுங்கள். பழைய படங்களையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.